நானக்கிலிருந்து கால்சா வரை: சீக்கியர் வாளெடுத்தது எப்படி?

சீக்கிய மதத்தைத் தொடங்கிவைத்த குரு நானக் ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை. பஞ்சாபில் சுல்தான்பூர் என்ற ஊரில், தௌலத் கான் லோதியின் தானியக் கிடங்கில் அளந்து போட்டு வரவு செலவு எழுதிக்கொண்டிருந்தவர். அதே மரபில் பத்தாவதாக வந்த குரு கோவிந்த் சிங்கை எந்தப் படத்தில் பார்த்தாலும் இடுப்பில் வாளும் முதுகில் அம்பறாத்தூணியும் கையில் பருந்துமாக இருப்பார். இருவருக்கும் நடுவே சுமார் 200 ஆண்டுகள்.

இந்த மாற்றத்தைப் பலரும் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள்: அமைதியான பக்தி இயக்கமாக இருந்தது, முகலாயரின் கொடுமை தாங்காமல் வாளெடுத்தது. அது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதையை விழுங்கிவிடுகிறது. சீக்கியர்களிடம் வாள் வருவதற்கு முன்பே சொந்த ஊர் இருந்தது, சொந்த நூல் இருந்தது, ஆண்டுதோறும் பணம் வந்து சேரும் ஏற்பாடும் இருந்தது. இவையெல்லாம் இருந்ததால்தான் அரசின் கண் அவர்கள்மேல் விழுந்தது. இவையெல்லாம் இருந்ததால்தான் அடி விழுந்தபோது எதிர்த்து நிற்கவும் முடிந்தது. எனவே முதல் ஐந்து குருமார்களைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

நானக் 1469-இல் தல்வண்டி என்ற ஊரில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது, பெயர் நன்கானா சாஹிப். முப்பது வயதுவாக்கில் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பாட ஆரம்பித்தார். கூடவே ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசித்துக்கொண்டு போனவர் மர்தானா, ஒரு முஸ்லிம். 'இந்துவும் இல்லை, முஸ்லிமும் இல்லை' என்பதுதான் நானக்கின் முதல் வாக்கு என்று மரபு சொல்கிறது. உருவமற்ற ஒரே கடவுள், சாதி கூடாது, சடங்கால் பயனில்லை, துறவியாகி ஊரார் வீட்டில் பிச்சை எடுத்துத் தின்பதைவிட உழைத்துச் சாப்பிட்டுப் பகிர்ந்து கொடுப்பது மேல். போதனையின் சாரம் இவ்வளவுதான். அவருடைய பயணம் தெற்கே இலங்கைவரை நீண்டதாகவும் மரபுக் கதைகள் உண்டு. இராமேஸ்வரத்தில் ஒரு குருத்வாரா இருப்பதன் பின்னணி அந்தக் கதைகள்தான்.

நானக் அரசியலே பேசாத சாது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாபர் பஞ்சாபுக்குள் படையெடுத்து வந்த காலம் அது. சைத்பூர் சூறையாடப்பட்டதையும் பெண்கள் பட்ட பாட்டையும் அவர் பாட்டாகவே பாடியிருக்கிறார். காபூலிலிருந்து பாவத்தின் கல்யாண ஊர்வலம் வந்து இறங்கியது என்கிறார். ஜனங்கள் இவ்வளவு அடிபட்டு அலறினார்களே, உனக்கு வலிக்கவில்லையா என்று கடவுளையே கேட்கிறார். லோதி சுல்தான்களையும் விட்டுவைக்கவில்லை. இப்படி ஒரு நாட்டைக் காக்கத் தெரியாமல் பாழாக்கிவிட்டார்கள் என்று திட்டுகிறார். இந்தக் கோபம் கையில் ஆயுதம் ஏந்தச் சொல்லவில்லை. ஆனால் அரசன் செய்வதை நியாயம் கேட்கலாம் என்ற எண்ணம் முதல் குருவிடமே இருந்தது.

கடைசிக் காலத்தில் நானக் ராவி ஆற்றங்கரையில் கர்தார்பூரில் குடியமர்ந்து விவசாயம் செய்தார். 1539-இல் இறப்பதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பேன். தனக்குப் பின் யார் என்பதைத் தானே அறிவித்தார். அதுவும் மகனை விட்டுவிட்டு, லேஹ்ணா என்ற சீடரைத் தேர்ந்தெடுத்து அங்கத் என்று பெயரிட்டு உட்கார்த்தினார். மூத்த மகன் ஸ்ரீ சந்த் துறவு வழியில் போய்விட்டவர். குடும்பத்தோடு வாழ்ந்து உழைக்கச் சொன்ன தன் வழிக்கு அவர் சரிப்பட மாட்டார் என்று நானக் கருதியிருக்க வேண்டும். வட இந்தியாவில் அந்தக் காலத்தில் எத்தனையோ ஞானிகள் பாடினார்கள். இப்படித் திட்டமிட்டு வாரிசு வைத்துவிட்டுப் போனவர்கள் குறைவு.

அங்கத் காலத்தில் பஞ்சாபி மொழியை எழுதும் குர்முகி எழுத்து ஒழுங்குபட்டது. அடுத்து வந்த அமர் தாஸ் பதவி ஏற்கும்போதே எழுபதைத் தாண்டியவர். கோயிந்த்வாலில் அவரைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அப்புறம்தான் தரிசனம். லங்கர் எனப்படும் இந்தச் சமபந்தி நானக் காலத்திலேயே தொடங்கியதுதான். அதைக் கட்டாய விதியாக்கியவர் அமர் தாஸ். அக்பரும் அப்படி உட்கார்ந்துதான் சாப்பிட்டார் என்பது சீக்கியர் விரும்பிச் சொல்லும் கதை. சீடர்கள் பெருகியதால் அமர் தாஸ் அவர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து 22 பொறுப்பாளர்களை அமர்த்தினார். நான்காவது குரு ராம் தாஸ் ஒரு குளம் வெட்டி அதைச் சுற்றி ஊர் அமைத்தார். அதுதான் இன்றைய அமிர்தசரஸ்.

ஐந்தாவது குரு அர்ஜன் 1581-இல் பொறுப்பேற்றபோது இதெல்லாம் தயாராக இருந்தது. அவர் அதை ஒரு முழு அமைப்பாக்கினார். குளத்தின் நடுவே, இன்று பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாஹிபைக் கட்டினார். நாலு பக்கமும் வாசல். உள்ளே போகப் படி இறங்க வேண்டும். (தங்கத் தகடெல்லாம் பிறகு, 19-ஆம் நூற்றாண்டில் ரஞ்சித் சிங் போட்டது.) ஒவ்வொரு சீடரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் உறுதிப்பட்டது; அதை வசூலித்து ஆண்டுக்கொருமுறை கொண்டுவந்து சேர்க்க மசந்த் என்ற முகவர்கள் ஊர்தோறும் இருந்தார்கள். 1604-இல் சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தம் தொகுத்து வைக்கப்பட்டது. குருமார்களின் பாடல்களோடு நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், மராட்டியத்தின் நாமதேவர், சூஃபி ஞானி ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் உண்டு.

இதைக் கொஞ்சம் லாகூர் சுபேதாரின், அதாவது முகலாயரின் மாகாண ஆளுநரின் இடத்தில் நின்று பாருங்கள். உங்கள் ஆளுகைக்குள் ஒருவருக்குச் சொந்த நகரம் இருக்கிறது. ஊர்தோறும் ஆள் வைத்துப் பணம் திரட்டுகிறார். விவசாயிகளும் வணிகர்களும் ஆயிரக்கணக்கில் அவர் பேச்சைக் கேட்கிறார்கள். அவர்கள் அவரை 'உண்மையான பாதுஷா' என்று வேறு அழைக்கிறார்கள். அக்பர் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. 1605-இல் அக்பர் இறந்து ஜஹாங்கீர் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே அவருடைய மகன் குஸ்ரூ கலகம் செய்து பஞ்சாப் வழியாக ஓடினார். வழியில் அர்ஜனைச் சந்தித்தார். அர்ஜன் அவர் நெற்றியில் திலகம் இட்டு ஆசி கூறினார் என்று ஜஹாங்கீருக்குத் தகவல் போனது.

ஜஹாங்கீர் இதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பகுதியில் என் கண்ணில் பட்டது குஸ்ரூ விஷயம் அல்ல. மூன்று நான்கு தலைமுறையாக இவர்கள் இந்தக் கடையை நடத்திவருகிறார்கள், இந்துக்களோடு முஸ்லிம்களும் ஏமாந்து போய்ச் சேருகிறார்கள், இதை நிறுத்த வேண்டும் அல்லது இவரை இஸ்லாத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன் என்கிறார். குஸ்ரூ ஒரு சாக்கு. 'கடை' பெரிதாகிவிட்டதுதான் குற்றம். 1606 மே மாதக் கடைசியில் லாகூரில் அர்ஜன் சித்திரவதை செய்யப்பட்டு இறந்தார்.

அடுத்த குரு ஹர்கோவிந்துக்கு அப்போது 11 வயது. பதவி ஏற்கும்போது அவர் இரண்டு வாள்களைக் கட்டிக்கொண்டார். ஒன்று மீரி, அதாவது உலக அதிகாரம். இன்னொன்று பீரி, ஆன்மிக அதிகாரம். ஹர்மந்திருக்கு நேர் எதிரே அகால் தக்த் என்ற மேடையும் எழுந்தது. கோயிலில் பாட்டும் தியானமும். எதிரே இந்த மேடையில் வழக்கு விசாரணை, ஆலோசனை, வீரப் பாடல்கள். காணிக்கை கொண்டுவருகிறவர்கள் குதிரையும் ஆயுதமும் கொண்டுவரலாம் என்று சொல்லப்பட்டது. வளர்ந்ததும் ஹர்கோவிந்த் வேட்டைக்குப் போனார், மல்லர்களை வைத்துக்கொண்டார், படை திரட்டினார். ஜஹாங்கீர் அவரைக் குவாலியர் கோட்டையில் சில காலம் அடைத்து வைத்தார். ஷாஜஹான் காலத்தில், 1630களில், முகலாயப் படைகளோடு நேரடிச் சண்டைகளே நடந்தன.

இதை அந்தக் காலத்துச் சீக்கியர்கள் எல்லோரும் வரவேற்றார்களா? இல்லை. முணுமுணுத்தார்கள். ஆதி கிரந்தத்தை அர்ஜன் சொல்லச் சொல்ல எழுதிய பாய் குர்தாஸ் என்ற அறிஞர் அந்த முணுமுணுப்பை அப்படியே ஒரு பாடலில் பதிவு செய்திருக்கிறார். முந்தைய குருமார்கள் ஓரிடத்தில் அமர்ந்து உபதேசித்தார்கள், இவரோ ஓரிடத்தில் நிற்பதில்லை. பாதுஷாக்கள் அவர்கள் வீடு தேடி வந்தார்கள், இவரையோ பாதுஷா கோட்டையில் அடைக்கிறார். அவர்கள் பாடல் இயற்றினார்கள், இவர் நாய்களோடு வேட்டையாடுகிறார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, பதிலையும் அவரே தருகிறார்: பயிருக்கும் தோப்புக்கும் சுற்றிலும் கருவேல முள்ளை வேலியாக வைக்க வேண்டாமா? நானூறு ஆண்டு கழித்து நாம் போடும் சண்டையை அன்றைக்கே ஒருவர் சில வரிகளில் முடித்துவைத்திருக்கிறார்.

வரலாற்றாசிரியர்களிடையே இன்னொரு விவாதமும் உண்டு. அர்ஜன் காலத்திலிருந்து பஞ்சாபின் ஜாட் விவசாயிகள் பெருமளவில் சீக்கியத்தில் சேர்ந்தார்கள். இவர்கள் ஏற்கெனவே ஆயுதம் பழகியவர்கள், எளிதில் பணியாதவர்கள். இவர்கள் வரவால்தான் சமூகத்தின் குணம் மாறியது என்று ஒரு சாரார் சொல்வார்கள். இல்லை, மாற்றம் குருமார்களின் தீர்மானத்தால் வந்தது, அவர்கள் ஜாட் அல்ல, கத்ரி வகுப்பினர் என்று மறு சாரார். எனக்கு இரண்டாவது பக்கம் வலுவாகப் படுகிறது. ஆள் இருந்தது என்பது உண்மை. ஆனால் கோயிலுக்கு எதிரே அகால் தக்தைக் கட்டுவது ஆள்பலத்தால் தானாக நடக்கிற காரியம் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு யோசனை வேண்டும்.

ஹர்கோவிந்த் பிறகு சிவாலிக் மலையடிவாரத்தில் கீரத்பூருக்கு ஒதுங்கினார். 1644-இல் அவர் மறைந்த பின் வந்த ஹர் ராய் படையை வைத்திருந்தும் சண்டைக்குப் போகவில்லை. அவருக்குப் பின் சிறுவன் ஹர் கிருஷ்ணன், டெல்லியில் அம்மை கண்டு இறந்துபோனான். அடுத்து 1664-இல் ஹர்கோவிந்தின் மகன் தேக் பகதூர் ஒன்பதாவது குருவானார். அனந்தபூர் என்ற ஊருக்கு அடித்தளம் இட்டவர் இவர்.

1675 நவம்பரில் ஔரங்கசீப்பின் ஆணைப்படி டெல்லி சாந்தினி சௌக்கில் தேக் பகதூரின் தலை துண்டிக்கப்பட்டது. கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சிய காஷ்மீரப் பண்டிதர்கள் அவரிடம் முறையிட்டார்கள், அவர்களுக்காக அவர் உயிரைக் கொடுத்தார் என்பது சீக்கிய மரபு. பஞ்சாபில் ஆள் சேர்த்துப் பணம் பறித்தார் என்று பிற்காலத்துப் பாரசீக நூல் ஒன்று குற்றம்சாட்டுகிறது. தன் மதத்தைச் சேராதவர்களின் நம்பிக்கைக்காக ஒருவர் இறந்தார் என்ற நினைவுதான் சீக்கியர் மனத்தில் ஆழப் பதிந்தது. வெளிப்படையாக முன்வந்து உடலை எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஜைதா என்ற தலித் சீடர் தலையை எடுத்து மறைத்துக்கொண்டு அனந்தபூர் போய்ச் சேர்ந்தார். லக்கி ஷா என்ற வணஜாரா வணிகர் உடலை வண்டியில் போட்டுத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், சந்தேகம் வராமலிருக்க வீட்டோடு சேர்த்துத் தீ வைத்தார். அந்த வீடு இருந்த இடத்தில்தான் ரகாப் கஞ்ச் குருத்வாரா நிற்கிறது, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில்.

தலை வந்து சேர்ந்தபோது மகன் கோவிந்துக்கு 9 வயது.

கோவிந்த் அனந்தபூரிலும் பாவுண்டாவிலும் வளர்ந்தார். பாரசீகமும் பிரஜ் மொழியும் கற்றார், புலவர்களை வைத்து ஆதரித்தார், குதிரை ஏறினார். அவருடைய முதல் பெரிய போர் முகலாயரோடு நடந்ததல்ல. 1688-இல் பங்காணியில் அவரை எதிர்த்து வந்தவர்கள் மலைநாட்டு ராஜபுத்திர மன்னர்கள், அதாவது இந்துக்கள். அந்தப் போரில் அவருக்காகத் தன் மகன்களையும் சீடர்களையும் அனுப்பிப் பறிகொடுத்தவர் சதௌராவைச் சேர்ந்த பீர் புத்து ஷா என்ற முஸ்லிம் ஞானி. இந்துவைக் காக்க முஸ்லிமை எதிர்த்துப் பிறந்த படை என்று சீக்கிய வரலாற்றைச் சுருக்குகிறவர்கள் பங்காணி என்ற பெயரைச் சொல்லவே மாட்டார்கள். மலை மன்னர்களுக்கு என்ன பயம்? தங்கள் எல்லைக்குள் முரசு அறைந்து படை நடத்தும் ஒருவர். அதோடு எல்லாச் சாதியையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பவர். இரண்டுமே அவர்களுக்கு ஆகாது.

இனி 1699. வைசாகித் திருநாளுக்கு எல்லோரும் அனந்தபூர் வர வேண்டும் என்று கோவிந்த் ஆள் அனுப்பினார். கூட்டம் கூடியதும் உருவிய வாளோடு வந்து நின்று, எனக்கு ஒரு தலை வேண்டும், யார் தருகிறீர்கள் என்று கேட்டார் என்கிறது மரபு. சலசலப்புக்குப் பின் ஒருவர் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார், ரத்தம் தோய்ந்த வாளோடு திரும்பி வந்து அடுத்த தலையைக் கேட்டார். இப்படி ஐந்து பேர். கடைசியில் ஐந்து பேரும் உயிரோடு, புது உடையில் வெளியே வந்தார்கள். லாகூர்க் கத்ரி தயா ராம், ஹஸ்தினாபுரத்து ஜாட் தரம் தாஸ், பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவர் ஹிம்மத், துவாரகையின் துணிக்காரர் மோக்கம் சந்த், கர்நாடகத்து பீதரைச் சேர்ந்த நாவிதர் சாஹிப் சந்த். நாட்டின் நாலு மூலையிலிருந்தும் ஐந்து ஆட்கள், பெரும்பாலும் அன்றைய உயர்சாதியார் வாள் பிடிக்க விடாதவர்கள்.

இரும்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, பதாஷா என்ற சர்க்கரை மிட்டாய் போட்டு, இருபுறமும் கூரான வாளால் கலக்கி அதை அமிர்தம் என்று அந்த ஐவருக்கும் கொடுத்தார். ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தார்கள். பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த நிகழ்ச்சியின் உச்சம்: குரு அவர்கள் முன் கைகூப்பி நின்று, எனக்கும் அதே அமிர்தத்தைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். கோவிந்த் ராய் அன்றுமுதல் கோவிந்த் சிங். சேர்ந்த ஆண்கள் எல்லோருக்கும் சிங் என்ற பெயர். பெண்களுக்குக் கௌர் என்று வழங்குகிறது. வெட்டாத முடி, சீப்பு, இரும்புக் காப்பு, அரைக்கால் உடை, கிர்பான் எனும் குறுவாள் ஆகிய ஐந்து அடையாளங்களும் இப்படி அமிர்தம் பெற்றவர்களின் சமூகமான கால்சாவுக்கு உரியவை. தேக் பகதூரின் உடலை வெளிப்படையாக எடுக்கக் கூட்டத்தில் யாரும் துணியவில்லையே. இனி ஒரு சீக்கியர் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளவே முடியாதபடி அடையாளம் வந்துவிட்டது.

சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. மசந்த் முகவர்கள் ஒழிக்கப்பட்டார்கள். காலப்போக்கில் அவர்கள் ஊழல் செய்து குட்டி ஜமீன்தார்களாக ஆகியிருந்தார்கள். இனிக் காணிக்கையும் ஆயுதமும் நேரே குருவிடம். படை வைக்க நினைக்கிறவருக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த சில ஆண்டுகள் பேரழிவு. மலை மன்னர்களும் முகலாயப் படையும் சேர்ந்து அனந்தபூரை முற்றுகையிட்டார்கள். பத்திரமாக வெளியேற விடுவோம் என்ற வாக்குறுதியை நம்பி 1704-05 குளிர்காலத்தில் கோட்டையை விட்டு வெளியே வந்தபோது தாக்கினார்கள். சம்கௌரில் நடந்த சண்டையில் மூத்த மகன்கள் இருவர் இறந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இருவரையும் சர்ஹிந்த் ஆளுநர் வசீர் கான் கொன்றார். குழந்தைகளைக் கொல்வது முறையல்ல என்று அந்தச் சபையில் எதிர்த்துப் பேசியவர் மலேர்கோட்லாவின் நவாப். அதைச் சீக்கியர்கள் இன்றுவரை மறக்கவில்லை. இதற்குப் பின் ஔரங்கசீப்புக்குப் பாரசீகத்தில் கோவிந்த் சிங் எழுதிய கடிதம்தான் ஸஃபர்நாமா. சத்தியத்தை மீறியவன் நீ என்று பேரரசரைக் குத்திக் காட்டும் அந்தக் கவிதைக் கடிதத்தில் ஒரு ஈரடி வருகிறது: மற்ற எல்லா வழிகளும் அடைபட்டுப் போன பிறகு, வாளின்மேல் கை வைப்பது தகும். கால்சாவின் போர்க் கொள்கை இதுவே. வாள் கடைசி வழி; ஆனால் அதுவும் ஒரு வழி.

ஔரங்கசீப் 1707-இல் இறந்ததும், அரியணைச் சண்டையில் கோவிந்த் சிங் பகதூர் ஷாவை ஆதரித்தார். முகலாயப் பேரரசரிடம் மரியாதை உடை வாங்கிக்கொண்டு அவருடன் தக்காணம்வரை போனவர் அவர். பரம்பரைப் பகை என்று படித்தவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். அவர் சண்டை ஆளோடு அல்ல, அநியாயத்தோடு என்று எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை. 1708-இல் நாந்தேட்டில் அவர் கத்தியால் குத்தப்பட்டு அக்டோபரில் இறந்தார். இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாந்தேட்டில் அவரிடம் சேர்ந்து பஞ்சாபுக்குப் போன பந்தா சிங் 1710-இல் சர்ஹிந்தை வீழ்த்தி வசீர் கானைக் கொன்றார், உழுதவனுக்கு நிலத்தைக் கொடுத்தார், குருமார்களின் பெயரில் நாணயம் வெளியிட்டார். 1715 இறுதியில் பிடிபட்டார். மறு ஆண்டு டெல்லியில் நூற்றுக்கணக்கான சீக்கியர்கள் நாள்தோறும் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள், கடைசியில் பந்தாவும். உயிர் பிழைக்க ஒருவர்கூட மதம் மாறியதாகத் தெரியவில்லை என்று அப்போது டெல்லியில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தூதர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஐம்பது ஆண்டுகள் காட்டு வாழ்க்கை. சீக்கியரின் தலைக்கு விலை வைத்தார்கள். அகமத் ஷா அப்தாலி 1762-இல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று குவித்தார், ஹர்மந்திரை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். குருவும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனாலும் வைசாகிக்கும் தீபாவளிக்கும் சிதறிக் கிடந்த குதிரைக் குழுக்கள் முடிந்தபோதெல்லாம் அமிர்தசரஸில் ஒன்றுகூடி, கிரந்தத்தின் முன் உட்கார்ந்து, சேர்ந்து முடிவெடுத்தன. அந்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தியது. 1765-இல் லாகூரைப் பிடித்தவை இந்தக் குழுக்கள்தான். அவற்றில் ஒன்றின் தலைவரான ரஞ்சித் சிங் 1799-இல் லாகூரைத் தன் கைக்குக் கொண்டுவந்து, 1801-இல் மகாராஜா ஆனார்.

அந்த மகாராஜா மோரான் என்ற நடனப் பெண்ணை மணந்தபோது, அகால் தக்திலிருந்து அகாலி பூலா சிங் அவரைக் கூப்பிட்டுவிட்டு, பொது இடத்தில் கசையடி என்று தீர்ப்புச் சொன்னார் என்று பஞ்சாபில் சொல்வார்கள். ரஞ்சித் சிங் மறுபேச்சுப் பேசாமல் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி நின்றாராம்.